6,200 ரூபாய்க்கு 250 ஆம்ப் வெல்டிங் மிஷின்: ஸ்டிக்கரை நம்பலாமா?

சேலம் கிரில்

அண்ணன்மாருக்கு வணக்கம். ஏழு வருஷம் இன்னொருத்தர் பட்டறையில் வேலை பார்த்தேன். ஆவணி பிறந்ததும் சொந்தமாகப் போடலாம் என்று இருக்கிறேன். கேட், ஜன்னல் கிரில், சின்னச் சின்ன ஷெட் வேலை. பெரும்பாலும் 10 நம்பர் ராடு, பைப் வேலைக்கு 12, எப்போதாவது 8 (நம்பர் குறையக் குறைய ராடு தடிமன்). இப்போதைக்கு சிங்கிள் ஃபேஸ்தான்.

டூல்ஸ் கடையில் இரண்டு இன்வெர்ட்டர் மிஷின் (எலக்ட்ரானிக் போர்டில் ஓடும் சின்ன வெல்டிங் மிஷின்) பார்த்தேன். ஒன்று 6,200 ரூபாய். முகப்பில் கட்டை எழுத்தில் 250 என்று போட்டிருக்கிறது. ஒரு கையால் தூக்கிவிடலாம், நாலு கிலோ இருந்தாலே அதிகம். இன்னொன்று 13,800. அதில் 200தான், ஆனால் எட்டு கிலோ கனம். கடைக்காரர், “இரண்டுமே சீனாவிலிருந்து வருவதுதான் தம்பி, அதில் பெயருக்குக் காசு” என்கிறார். எதை எடுப்பது?

செம்புச்சுருள்

இரண்டையும் எடுக்காதே தம்பி. செம்புக் காயில் போட்ட பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் மிஷினை செகண்ட்ஸில் தேடு. என்னுடையது 1998இல் வாங்கியது. இரண்டு தடவை காயில் கட்டினேன், ஒரு தடவை ஆயில் மாற்றினேன். மழையில் நனைந்திருக்கிறது, டெம்போவிலிருந்து விழுந்திருக்கிறது. இன்றைக்கும் 8 நம்பர் ராடை வெண்ணெய் மாதிரி உருக்கும். நீ சொல்கிற டப்பாவுக்குள் ஒரு பல்லி புகுந்தால் கதை முடிந்தது.

சைட் வேலை

பெரியவர் சொல்வது சரி. ஆனால் அந்த எண்பது கிலோவை மூன்றாவது மாடிக்கு யார் தூக்குவது?

நான் நாலு வருஷமாக விலை குறைந்த மிஷின்தான் வைத்திருக்கிறேன். மூன்று வாங்கினேன். ஒன்று பதினோரு மாதத்தில் செத்தது, மற்ற இரண்டும் ஓடுகின்றன. எனக்கு மாடிப்படி கைப்பிடி, பால்கனி, ஒன்றரை இஞ்ச் பைப், 12 நம்பர் ராடு. 250 என்று எழுதியிருப்பது 250 இல்லை என்று எனக்கும் தெரியும். எனக்கு 80 ஆம்ப் வந்தால் போதும்.

டாங் டெஸ்டர்

முகப்பில் பெயின்ட் அடித்த எண்ணை விடுங்கள். பின்பக்கமோ அடியிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ளே போகிற கரண்ட் அல்லது கேவிஏ (வோல்ட்டை ஆம்பால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தது), டூட்டி சைக்கிள் (பத்து நிமிஷத்தில் எத்தனை சதவீத நேரம் அடிக்கலாம் என்பது), எந்த ஆம்புக்கு அந்த டூட்டி, எத்தனை டிகிரி சூட்டில் சோதித்தது என்று இருப்பதை அப்படியே இங்கே எழுதுங்கள். அப்புறம் பேசலாம்.

(கோவையில் பதினைந்து வருஷமாக இந்த போர்டுகளைத்தான் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். மிஷின் விற்பதில்லை, அதனால் எனக்கு எந்தப் பக்கமும் கமிஷன் கிடையாது.)

சேலம் கிரில்

இன்று மறுபடி போனேன். கடைக்காரர் முகம் சுளித்தார், பரவாயில்லை.

6,200 மிஷின்: 230 வோல்ட், உள்ளே 5.3 கேவிஏ, வெளியே 20 முதல் 250 ஆம்ப், டூட்டி 60 சதவீதம், பவர் ஃபேக்டர் 0.93, எஃபிஷியன்சி 85 சதவீதம், ஐபி21எஸ். டிகிரி எதுவும் போடவில்லை. டூட்டி எந்த ஆம்புக்கு என்றும் இல்லை.

13,800 மிஷின்: கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதியிருக்கிறது. 60 சதவீதத்துக்கு 200 ஆம்ப், 28 வோல்ட். 100 சதவீதத்துக்கு 155 ஆம்ப், 26.2 வோல்ட். ஐ-ஒன் (உள்ளே போகும் கரண்ட்) மேக்ஸ் 41 ஆம்ப், ஐ-ஒன் எஃபெக்டிவ் 32 ஆம்ப். 40 டிகிரி. ஒரு கட்டத்துக்குள் ‘எஸ்’ என்ற எழுத்து. அது என்னவென்று தெரியவில்லை.

டாங் டெஸ்டர்

அருமை. இனிமேல் கால்குலேட்டர் போதும்.

ராடு வெல்டிங்கில் கரண்ட் ஏற ஏற ஆர்க் வோல்டேஜும் ஏறும். ஐஇசி 60974 தரநிலையில் அதற்கு ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள்: 20 வோல்ட், அதன்மேல் ஆம்புக்கு 0.04 வோல்ட். 100 ஆம்புக்கு 24 வோல்ட், 200க்கு 28, 250க்கு 30.

250 ஆம்பை 30 வோல்ட்டால் பெருக்கினால் 7,500 வாட். ராடு நுனியில் வெளியே வரவேண்டியது அது. ஸ்டிக்கரில் உள்ளே போவது எவ்வளவு? 5.3 கேவிஏ. அஞ்சு லிட்டர் தண்ணி குடித்துவிட்டு ஏழரை லிட்டர் பால் கறக்கிற மாடு! அவன் எழுதிய பவர் ஃபேக்டர் 0.93ஐயும் (உள்ளே போகும் கேவிஏவில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு), எஃபிஷியன்சி 85 சதவீதத்தையும் (அதில் ராடு வரை வந்து சேரும் பங்கு) அப்படியே ஒத்துக்கொண்டாலும் வெளியே வருவது 4,190 வாட். அதை வாய்ப்பாட்டில் திருப்பிப் போட்டால் 159 ஆம்ப். பெரிய எழுத்தில் பொய் சொன்னவன், பொடி எழுத்தில் தன்னையே காட்டிக்கொடுத்துவிட்டான்.

இப்போது அடுத்தது. 200 ஆம்ப், 28 வோல்ட், 5,600 வாட். உள்ளே 41 ஆம்ப், 230 வோல்ட், அதாவது 9.4 கேவிஏ. இதில் பவர் ஃபேக்டர் 0.7, எஃபிஷியன்சி 0.85 என்று வைத்தால் 5,600 வாட் வருகிறது. 155 ஆம்பும் சரியாக இருக்கிறது. சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 200ஐ 0.6இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 155. யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் இந்த ஸ்டிக்கரை அடித்திருக்கிறார்கள். கணக்கு ஒத்துப்போகிற ஸ்டிக்கர் ஒட்டிய மிஷின் மோசமாகவும் இருக்கலாம். கணக்கே ஒத்துப்போகாத ஸ்டிக்கரைப் பார்த்தால் நான் உள்ளே திறந்துகூடப் பார்ப்பதில்லை.

அந்த ‘எஸ்’ என்பது, நாலு பக்கமும் இரும்பு சூழ்ந்த இடம், ஈரமான இடம் மாதிரி ஷாக் ஆபத்து கூடுதலான இடங்களில் பயன்படுத்தலாம் என்பதற்கான குறி. ஐபி21எஸ் என்பதைப் பார்த்து மழையில் வைத்துவிடாதீர்கள். அது விரல் உள்ளே போகாது, மேலிருந்து நேராகச் சொட்டும் தண்ணி பாதிக்காது என்ற அளவுக்குத்தான். சாரல் கணக்கில் வராது.

வீட்டுப் பட்டறை

ஐடியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெல்டர். அவன் பவர் ஃபேக்டர் 0.93 என்று எழுதியிருக்க, நீங்கள் ஏன் சார் 0.7 போடுகிறீர்கள்? விலை குறைந்ததற்கு ஒரு நியாயம், கூடினதற்கு ஒரு நியாயமா?

டாங் டெஸ்டர்

நல்ல கேள்வி. இந்த மிஷின்களில் கரண்ட் உள்ளே வந்ததும் முதலில் ரெக்டிஃபையர், அடுத்து பெரிய கெபாசிடர். கெபாசிடர் எப்போதும் நிறைந்தே இருக்கும். சைன் வேவின் உச்சியில் மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு மீதி நேரம் சும்மா இருக்கும். ஆகவே கரண்ட் சீராக வராமல் முள் முள்ளாக வரும். அதற்கென்று தனி சர்க்யூட் வைக்காத சிங்கிள் ஃபேஸ் மிஷின் எதுவானாலும் உண்மையான பவர் ஃபேக்டர் 0.7 பக்கம்தான் நிற்கும். அந்தத் தனி சர்க்யூட் 6,200 ரூபாய்க்குள் வராது. 0.93 என்பது ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் அடித்த எண்.

0.7 போட்டால் அந்த 5.3 கேவிஏ எத்தனை ஆம்ப் தரும்? 126. போன மாதம் இதே ஜாதி மிஷின் ஒன்று டேபிளுக்கு வந்தது. நாபைக் கடைசிவரை திருகினால் டிஸ்பிளே 250 காட்டியது. டிசி அளக்கும் டாங் டெஸ்டரை (கேபிளைக் கவ்விப் பிடித்துக் கரண்ட் அளக்கும் மீட்டர்) ராடு கேபிளில் மாட்டி 4 எம்எம், அதாவது 8 நம்பர் ராடு எரித்தேன்: 146 ஆம்ப், 25 வோல்ட். அதே நேரத்தில் உள்ளே 221 வோல்ட்டில் 27 ஆம்ப் இழுத்தது. ஸ்டிக்கரில் எழுதியதைவிட உள்ளேயும் கொஞ்சம் கூடுதலாகவே குடித்தது. மூன்றாவது ராடில் மஞ்சள் விளக்கு எரிந்து நின்றுவிட்டது.

அந்த டிஸ்பிளேயை யாரும் நம்பாதீர்கள். நாப் எங்கே நிற்கிறது என்பதை எண்ணாக மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவுதான். ராடு வைக்காமலே 250 காட்டுகிறதே, அது எந்த 250?

சைட் வேலை

சாதாரண டாங் டெஸ்டர் காட்டாதா? நான் ஒரு தடவை மாட்டிப் பார்த்தேன், ஜீரோ காட்டியது. மிஷின் போச்சு என்றே நினைத்துவிட்டேன்.

டாங் டெஸ்டர்

ஏசி மட்டும் அளக்கிறது டிசியைக் காட்டாது. டிசி ஆம்பும் அளக்கும் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

செம்புச்சுருள்

கணக்கெல்லாம் அழகாகப் போடுகிறீர்கள். என் மிஷினுக்கு ஒரு கணக்குச் சொல்லுங்கள் பார்ப்போம்.

டாங் டெஸ்டர்

கோபித்துக்கொள்ளக்கூடாது ஐயா. ராடு வைக்காதபோது உங்கள் மிஷினில் எழுபத்தைந்து வோல்ட் இருக்கும் என்று வையுங்கள். ட்ரான்ஸ்ஃபார்மர் 200 ஆம்ப் தரும்போது 200ஐ 75ஆல் பெருக்கின அளவு, அதாவது 15 கேவிஏ இழுக்கும். இரண்டு ஃபேஸில் 415 வோல்ட்டில் 36 ஆம்ப். அதே வேலைக்கு இன்வெர்ட்டர் 9.4 கேவிஏ. தம்பியிடம் இருப்பது சிங்கிள் ஃபேஸ். உங்கள் மிஷினை அவர் லைனில் போட்டால் தெருவே இருளும்.

ஆனால் ஒன்று, ஆயுள் விஷயத்தில் உங்களோடு நான் வாதாட மாட்டேன். காயில் கட்ட ஊருக்கு ஒரு ஆள் இருக்கிறார். போர்டு போனால் அதே போர்டு கிடைக்காது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டிசைனை மாற்றிவிடுகிறார்கள்.

செம்புச்சுருள்

அதைத்தான் நானும் சொன்னேன்.

வீட்டுப் பட்டறை

உள்ளே திறந்தால் என்ன வித்தியாசம் தெரியும் சார்? எடை ஏன் பாதிக்குப் பாதி?

டாங் டெஸ்டர்

இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன்.

முதலில் ஹீட்சிங்க். சூட்டை வெளியேற்றும் அந்த அலுமினியத் துண்டு எவ்வளவு கனம் என்று பாருங்கள். மிஷினின் எடை பெரும்பாலும் இதிலும், நடுவில் இருக்கும் ஃபெரைட் ட்ரான்ஸ்ஃபார்மரிலும், வெளியே வரும் சோக் காயிலிலும்தான். எடை குறைந்தது என்றால் இந்த மூன்றில் எங்கோ கை வைத்திருக்கிறான்.

அடுத்தது காலி இடங்கள். நான் மேலே சொன்ன மிஷினின் போர்டில் ஐஜிபிடி (கரண்டை வேகமாக விட்டு நிறுத்தும் எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) நாலு வைக்க ஓட்டை இருந்தது, வைத்திருந்தது இரண்டு. டையோடுக்கு ஆறு இடம், இருந்தது நாலு. 160, 200, 250 எல்லாவற்றுக்கும் ஒரே போர்டு, ஒரே பெட்டி, முகப்பு ஸ்டிக்கர் மட்டும் வேறு. கெபாசிடர்மேல் 680 மைக்ரோஃபாரட் என்று அச்சு, கழற்றி மீட்டரில் வைத்தால் 410. ஐஜிபிடிமேல் இருந்த நம்பர் விரலில் தின்னர் தொட்டுத் தேய்த்ததும் அழிந்து, அடியில் வேறு நம்பரின் நிழல் தெரிந்தது. ஹீட்சிங்குக்கும் ஐஜிபிடிக்கும் நடுவே சூடு கடத்தும் பேஸ்ட் தடவவே இல்லை. ஸ்க்ரூவும் பாதிதான் இறுகியிருந்தது. அந்த ஸ்க்ரூவை இறுக்கிப் பேஸ்ட் வைக்க எனக்கு ஆன செலவு இருபது ரூபாய் இருக்குமா?

விலை கூடினதில் இதெல்லாம் சரியாக இருக்கும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. 14,000க்கு வாங்கிய ஒன்றிலும் பாதி இறுகிய ஸ்க்ரூ பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் போர்டின்மேல் தெளிவான வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு இருந்தது. கிரில் பட்டறைக்கு அதுதான் உயிர். நம் ஆட்கள் மிஷினை வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி உட்கார்ந்து கிரைண்டர் ஓட்டுவார்கள். பறக்கிற இரும்புத் தூளை ஃபேன் அப்படியே உள்ளே இழுக்கும். என்னிடம் வரும் பத்தில் ஆறேழு இதனால் வருவதுதான். மாதம் ஒரு தடவை கவரைக் கழற்றி பிளோயர் அடித்தால் எந்த மிஷினும் இரண்டு வருஷம் கூடுதலாக ஓடும். கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிஷம் டீ குடியுங்கள், கெபாசிடரில் 300 வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டிருக்கும்.

பல்லி விஷயம் உண்மை, ஐயா. மூன்று எடுத்திருக்கிறேன்.

ஒட்டன்சத்திரம் விவசாயி

கலப்பை, டிரெய்லர் பட்டை இதெல்லாம் தோட்டத்திலேயே பத்த வைத்துக்கொள்ள ஒரு சின்ன மிஷின் வாங்கியிருந்தேன். எட்டு மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் கம்பத்தில் நியூட்ரல் அறுந்து, வீட்டில் டிவி, ஃபேன் எல்லாம் போனது. மிஷினுக்குள் வெடிச் சத்தம் கேட்டது. கடையில் கேட்டால் வாரண்டியில் வராது என்று சொல்லிவிட்டார்கள். இது மிஷின் தப்பா, லைன் தப்பா?

டாங் டெஸ்டர்

லைன் தப்புதான் அண்ணே. உள்ளே இருப்பது 400 வோல்ட் கெபாசிடர். 230 வோல்ட் வந்தால் அதன்மேல் 325 நிற்கும். 270 வந்தாலே 382. நியூட்ரல் அறுந்து 415 பக்கம் ஏறினால் 587 ஆகிறது. எந்தக் கெபாசிடரும் நிற்காது. ஓவர் வோல்டேஜில் லைனைத் துண்டிக்கிற ரிலே ஒன்றை மெயினில் போட்டுவிடுங்கள், மோட்டாருக்கும் சேர்த்து உதவும்.

ஒட்டன்சத்திரம் விவசாயி

சரி தம்பி. எங்களுக்கு மோட்டார் ஓடும் நேரத்தில் 170 வோல்ட்தான் இருக்கும். அப்போது ராடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதுவும் லைன்தானா?

டாங் டெஸ்டர்

பாதி லைன், பாதி ஒயர். கம்பத்திலிருந்து தோட்டத்துக்கு எத்தனை மீட்டர், என்ன ஒயர்? 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயரில் 30 மீட்டர் இழுத்தால், போக வர 60 மீட்டர், 20 ஆம்புக்கு 14 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தின்றுவிடும். 170இல் 14 போனால் மிச்சம் என்ன? ஒயரை 4 ஸ்கொயராக மாற்றிப் பாருங்கள். மிஷினோடு வந்த ராடு கேபிளையும் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், சுரண்டினால் வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். எர்த் கிளாம்பில் காந்தம் ஒட்டினால் அது பித்தளை இல்லை, தகரம்.

சைட் வேலை

கேபிளுக்கு நான் சாட்சி. மிஷினோடு கொடுத்த கேபிளை அன்றைக்கே பழைய இரும்புக் கடைக்குப் போட்டேன். 25 ஸ்கொயர் செம்பு, நல்ல ஹோல்டர் மாற்றியதும் அதே மிஷின் வேறு மிஷின் மாதிரி அடித்தது. அதற்கே 2,500 ஆனது. 6,200 இப்போது 8,700 ஆகிவிட்டதே என்று கேட்காதீர்கள்.

வீட்டுப் பட்டறை

கேட்கிறேன்.

டாங் டெஸ்டர்

அவர் வேலைக்கு 8,700உம் சரிதான். அதை 120 ஆம்ப் மிஷின் என்று நினைத்து, 12 நம்பர் ராடுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் நல்ல மிஷின். நாள் முழுக்க 10 நம்பர், நடுநடுவே 8 நம்பர் அடிக்கிற கேட் பட்டறைக்கு அது ஆகாது. 10 நம்பருக்கு 110 ஆம்ப் வேண்டும், 8 நம்பருக்கு 160, 170. டூட்டியை 40 டிகிரியில் சோதித்ததாகப் போடாதவன் குளிர்ந்த அறையில் பார்த்திருப்பான். நம் ஊர் சித்திரையில் சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே அது என்னவாகும் என்று சேலத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சேலம் கிரில்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். 13,800 மிஷினையே எடுத்தேன், 13,200க்குக் கொடுத்தார். ஒரு தெரிந்தவரிடம் டிசி டாங் டெஸ்டர் இரவல் வாங்கிப் பார்த்தேன். டிஸ்பிளேயில் 110 வைத்தால் 106, 170 வைத்தால் 163. மனசுக்கு நிம்மதி.

நேற்று ஒரு கம்பெனி கேட். 10 எம்எம் பேஸ் பிளேட், மதியம் முழுக்க 8 நம்பர் ராடு. நாலு மணிக்குக் கருகிய வாடை. மிஷின்தான் போச்சு என்று ஓடினேன். மிஷின் சும்மா இருக்கிறது, சுவரில் இருக்கும் 16 ஆம்ப் பிளக் உருகி சாக்கெட்டோடு ஒட்டிவிட்டது. ஒயரும் 2.5 ஸ்கொயர்தான். வீடு கட்டும்போது அப்பா போட்டது.

டாங் டெஸ்டர்

முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு. 170 ஆம்ப் அடிக்கும்போது உள்ளே 33 ஆம்ப் போகிறது. பாதி நேரம் ராடு மாற்ற, ஸ்லாக் தட்ட என்று போனாலும் பிளக்குக்கு 23 ஆம்ப் சூடு. 16 ஆம்ப் பிளக் தாங்கி நிற்க வேண்டுமென்றால் விடாமல் அடிப்பதற்கு 90 ஆம்புக்கு மேல் போகக்கூடாது. ஸ்டிக்கரில் ஐ-ஒன் எஃபெக்டிவ் 32 என்று இருந்ததே, ஓய்வு நேரத்தையும் சேர்த்துப் போட்ட அந்தக் கணக்கு ஒயருக்கும் பிளக்குக்கும்தான். மீட்டர் போர்டிலிருந்து 6 ஸ்கொயர் செம்பு தனி லைன் இழுத்து, 32 ஆம்ப் எம்சிபி போடுங்கள். அதற்கு முன் உங்கள் சர்வீஸ் லைன் அவ்வளவு லோடு தாங்குமா என்று ஈபியில் கேட்டுவிடுங்கள். எர்த்தை விட்டுவிடாதீர்கள். எர்த் இல்லாமல் ஓட்டினால் பெட்டியைத் தொடும்போதெல்லாம் சுர்ரென்று இருக்கும்.

சேலம் கிரில்

அந்தச் சுர் ஏற்கெனவே இருக்கிறது அண்ணே. எலக்ட்ரீஷியனை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். 32 ஆம்புக்கு எந்தப் பிளக் வாங்குவது?

சைட் வேலை

நீல நிறத்தில் உருண்டையாக, மூடி போட்டு வரும், மூன்று பின். எலக்ட்ரிக்கல் கடையில் கேளுங்கள், அந்த டூல்ஸ் கடையில் வேண்டாம்.